எண்ணெய் நாட்டில் செஞ்சி போர்வெல்காரன்

விடியற்காலை நாலரை மணி. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. என் மனைவி தனம் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, என் சட்டைப் பையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தாள். மேல்மலையனூர் குங்குமம்.

"பரமு நெத்தியில வெச்சி வுடுங்க. நான் சொன்னது நெனப்பு இருக்குதுல்ல?"

"இருக்குது, இருக்குது."

"கையோட கூட்டிக்கினு வந்துடணும். இல்லன்னா நீங்களும் அங்கியே இருந்துக்குங்க."

பஸ் நகர்ந்தது. என் பெயர் ஏழுமலை. வயது ஐம்பத்தேழு. இருபத்தாறு வருடமாக போர்வெல் வண்டி வைத்திருக்கிறேன். அனந்தபுரத்திலிருந்து மண்டகப்பட்டு வரை நான் துளை போடாத ஊர் இல்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். செஞ்சிப் பக்கத்துக் கருங்கல்லைத் துளைத்தவன் பெருமைப்படாமல் வேறு யார் பெருமைப்படுவது?

போகிற இடம் அஜர்பைஜான். அதன் தலைநகரம் பாகு. அங்கே என் ஒரே மகள் அங்காளபரமேஸ்வரி ஒரு எண்ணெய்க் கிணறு கம்பெனியில் இஞ்சினியர். மலையனூர் அம்மனுக்கு வேண்டிப் பிறந்தவள் என்பதால் அந்தப் பெயர். வீட்டில் பரமு. அவளைப் பார்க்கப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. சொல்லாதது ஒன்று உண்டு. என் பையில் திரும்பி வருவதற்கு இரண்டு டிக்கெட் இருந்தன. ஒன்று எனக்கு. இன்னொன்று பரமு பெயரில். தனம் என்னை பஜார் ரோட்டு பிரவுசிங் சென்டருக்கு இழுத்துப்போய், பக்கத்திலேயே நின்று எடுக்க வைத்த டிக்கெட் அது. பரமுவுக்கு இது தெரியாது.

திண்டிவனம் இருபத்தெட்டு கிலோமீட்டர். அங்கே பஸ் மாறி, கிளாம்பாக்கத்தில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து மீனம்பாக்கம் விமான நிலையம் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது. சென்னையிலிருந்து துபாய் நாலு மணி நேரம், அங்கே காத்திருந்தது ஐந்து மணி நேரம், துபாயிலிருந்து பாகு மூன்று மணி நேரம். முதல் தடவை விமானத்தில் ஏறுகிறவன் ஜன்னல் சீட்டு கேட்டு வாங்க வேண்டும். நான் கேட்கவில்லை. பக்கத்து ஆளின் தோளுக்கு மேலேயே எட்டி எட்டிப் பார்த்து, கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

போகாதவர்களுக்காக அந்த நாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். காஸ்பியன் என்ற உப்புத் தண்ணீர்க் கடலின் மேற்குக் கரையில் இருக்கிறது. கடல் என்று பெயர்தானே தவிர, நாலு பக்கமும் நிலம் சூழ்ந்த பெரிய ஏரி அது. நாடு நம் தமிழ்நாட்டில் மூன்றில் இரண்டு பங்கு அளவு. மக்கள்தொகை ஒரு கோடிக்குச் சற்று மேல். எழுபது வருடம் சோவியத் ரஷ்யாவோடு ஒட்டிக்கொண்டிருந்து, தொண்ணூற்றொன்றில் தனி நாடானது. பெரும்பாலும் முஸ்லிம்கள். பேசுவது துருக்கிக்குப் பக்கத்து மொழி. வயதானவர்கள் ரஷ்ய மொழியும் சரளமாகப் பேசுகிறார்கள். பணத்துக்கு மனாத் என்று பெயர். ஒரு மனாத் நமக்கு ஐம்பது ரூபாய். கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. எண்ணெயும் எரிவாயுவும்தான் அந்த நாட்டுக்குச் சோறு போடுகின்றன.

முதல் நாள்

விமான நிலையத்துக் கதவைத் தாண்டியதும் காற்று தூக்கியது. வேட்டி கட்டிக்கொண்டு போயிருந்தால் மானம் போயிருக்கும். பரமு தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, ஆரஞ்சு நிற ஜாக்கெட் போட்டு நின்றாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன். கண் கலங்கியது. அதை மறைக்கக் குங்குமப் பொட்டலத்தைத் தேடுவதாகப் பாவனை செய்தேன்.

"நைனா, சாப்டியா? மெலிஞ்சிட்ட போ."

"நான் மெலிஞ்சனா? உன்னப் பாரு, கருவாடு மாதிரி இருக்கிற."

டாக்ஸி பதினான்கு மனாத். எழுநூறு ரூபாய். ஓட்டுநர் நல்ல மனிதர். கைப்பேசியில் அவர் மொழியில் பேசினால் அது ஆங்கிலத்தில் சொல்லும், பரமு தமிழில் சொல்வாள். பெட்ரோல் லிட்டர் இன்னா விலை என்று முதலில் கேட்டேன். ஒரு மனாத்துக்குக் கொஞ்சம் மேலே என்றார். ஐம்பத்தேழு ரூபாய் வருகிறது. செஞ்சியில் நான் போர் வண்டிக்கு டீசல் போடும் விலையைச் சொன்னேன். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். "அடக் கையை அதுல வெய்யிங்க சாமி!" என்று நான் கத்தியதை மட்டும் யாரும் மொழிபெயர்க்கவில்லை.

பரமு குடியிருப்பது நர்கிஸ் என்ற அம்மாள் வீட்டு மாடியில். அறுபது வயதிருக்கும். பரமுவின் அப்பா என்பதால் என்னையும் 'அத்தா' என்றே கூப்பிட்டார். அவர்கள் மொழியில் அப்பா என்று பொருளாம். இடுப்பு சிறுத்த சின்னக் கண்ணாடி டம்ளரில் பால் இல்லாத டீ, கூடவே செர்ரிப் பழ ஜாம். சர்க்கரைக் கட்டியை டீயில் நனைத்துப் பல்லில் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். மூன்று டம்ளர் ஆனதும் போதும் என்றேன். நாலாவதும் வந்தது. அந்த வீதியில் மரக்கிளைகளில் பை பையாகக் காய்ந்த ரொட்டி தொங்கியது. ரொட்டியைக் குப்பையில் போடுவது பாவம், ஆடு மாடு வைத்திருப்பவர்கள் எடுத்துப் போகட்டும் என்று மாட்டி வைக்கிறார்களாம். சோற்றைக் காலில் மிதித்தால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் ஊர்க்காரன் நான். இவர்கள் நம்மாட்கள்தான் என்று அப்போதே தீர்மானித்துவிட்டேன்.

அன்று மாலை இன்னொன்றும் பார்த்தேன். நர்கிஸ் அம்மாளின் தங்கை மகன் ஊருக்குக் கிளம்பினான். கார் நகர்ந்ததும் அந்த அம்மாள் ஒரு சொம்பு நிறையத் தண்ணீரைக் கொண்டுவந்து, காருக்குப் பின்னால் ரோட்டில் வீசி ஊற்றினார். எனக்கு வயிறு எரிந்தது.

"இன்னா பரமு இது? நல்ல தண்ணிய ரோட்டுல ஊத்துறாங்க?"

"வழியனுப்புற பழக்கம் நைனா. தண்ணி மாதிரி தடங்கல் இல்லாம போயி, தண்ணி மாதிரி திரும்பி வந்துடணும்னு ஊத்துவாங்க."

"வாயால சொன்னா பத்தாதா? எண்ணூறு அடி தோண்டி எடுக்கிறவனுக்குத்தான் தெரியும் அதோட அருமை" என்றேன். பரமு சிரித்தாள்.

இரண்டாம் நாள்

காலை பத்து மணிக்கு பீபி ஹெய்பத் என்ற இடத்துக்குப் போனோம். நகரத்திலிருந்து கடலோரமாகத் தெற்கே ஏழெட்டு கிலோமீட்டர். உலகத்திலேயே முதன்முதலாக எந்திரம் வைத்துத் துளைத்த எண்ணெய்க் கிணறு இதுதான் என்று இங்கே உள்ளவர்கள் சொல்கிறார்கள். சுற்றிலும் இரும்பு எந்திரங்கள் தண்ணீர் குடிக்கும் கோழி போலத் தலையை ஆட்டி ஆட்டி எண்ணெய் இழுத்துக்கொண்டிருந்தன. மண்ணில் மண்ணெண்ணெய் வாடை. நான் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கிணற்றை மூன்று சுற்று சுற்றினேன். எங்கள் தொழிலுக்கு ஆதிக் கோயில் இது இல்லையா? காவலுக்கு இருந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பரமு வெட்கப்படுவாள் என்று நினைத்தேன். அவளும் செருப்பைக் கழற்றினாள்.

மதியம் பழைய கோட்டை நகரம். உள்ளே கன்னிக் கோபுரம் என்று ஒன்று. நுழைவுச்சீட்டு பதினைந்து மனாத். ஏறக்குறைய முப்பது மீட்டர் உயரம். எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். நான் பிளக்கவில்லை. எங்கள் செஞ்சிக் கோட்டை ராஜகிரி மலை எண்ணூறு அடி. படி ஏறி உச்சிக்குப் போய்த் திரும்பி வந்தவன் மற்றதை எல்லாம் அண்ணாந்து பார்க்க மாட்டான். இப்போது எங்கள் கோட்டையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிவிட்டது என்று, கேட்காமலேயே அந்தச் சீட்டுக் கொடுக்கும் பெண்ணிடம் சொல்லி வைத்தேன். ஆனால் கோபுரத்துக்குள் ஒரு கிணறு இருந்தது. அதற்குமுன் மட்டும் பத்து நிமிடம் நின்றேன். எழுபது அடி ஆழமாம். பாறைக்குள், கையால் தோண்டியது. தோண்டியவன் யாரோ, அவனுக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

கடற்கரைப் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தபோது பரமு தன் வேலையை எனக்கு விளக்கினாள். நம் ஊரில் காற்றழுத்தத்தால் கல்மாவை வெளியே ஊதித் தள்ளுகிறோம். அவர்கள் சேறு மாதிரி ஒரு கனமான கரைசலைக் குழாய் வழியாக உள்ளே இறைக்கிறார்கள். அது அடியைத் தொட்டுக் கல்தூளை அள்ளிக்கொண்டு மேலே வந்து தொட்டியில் விழுகிறது. உள்ளே போவதும் வெளியே வருவதும் ஒரே அளவாக இருக்க வேண்டுமாம்.

"எவ்ளோ ஆழம் போறீங்க?"

"நாலாயிரம்."

"நாலாயிரம் அடியா! யம்மாடி."

"அடி இல்ல நைனா. மீட்டரு."

மனதுக்குள் கணக்குப் போட்டேன். பதிமூன்றாயிரம் அடி. ராஜகிரியைப் பதினாறு தடவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தலைகீழாகக் கவிழ்த்தால் வரும் ஆழம். விரல் விட்டு மறுபடியும் எண்ணினேன். அதே பதினாறுதான் வந்தது.

அப்புறம்தான் அவள் சொன்னாள். மறுநாள் அவளுக்குப் பரீட்சை. அதில் தேறினால் கடலுக்குள் நிற்கும் மேடையில் ஒரு ஷிஃப்டுக்கு அவளே பொறுப்பாளர். அந்தக் கம்பெனியில் அந்த நாற்காலியில் இதுவரை எந்தப் பெண்ணும் உட்கார்ந்ததில்லை. தேறாவிட்டால் இந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது, மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

தனம் நினைப்பு வந்தது. பையில் இருந்த டிக்கெட் நினைப்பும் வந்தது. தேறக் கூடாது என்று எந்த அப்பனாவது வேண்டுவானா? ஒரு நொடி வேண்டினேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மாலை வீட்டில் அவள் ஊறுகாய் எடுக்க என் பையைத் துழாவினாள். ஊறுகாய்க்கு முன்னால் காகிதம் கிடைத்துவிட்டது.

"நைனா, இது இன்னா? என் பேர்ல டிக்கெட்டு?"

"உங்கம்மா..." என்று ஆரம்பித்தேன்.

"அம்மா சொன்னாங்க சரி. நீ இன்னா சொல்ற?"

நான் ஊறுகாய் பாட்டிலைத் தேடி எடுத்து நீட்டினேன். அவள் டிக்கெட்டை மடித்து மேசைமேல் வைத்தாள். கத்தவில்லை, அழவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சரி, கேட்டுக்கோ. நாளைக்குத் தோத்தேன்னா பேசாம உன்கூட இதுல வர்றேன். ஜெயிச்சேன்னா, நான் வரலன்னு அம்மாகிட்ட நீதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். சம்மதமா?"

"சம்மதம்" என்றேன். தனத்திடம் சொல்வதைவிட பதிமூன்றாயிரம் அடி தோண்டிவிடலாம் என்றுதான் அந்த நேரத்தில் தோன்றியது.

மூன்றாம் நாள்

காலை ஒன்பது மணி. பயிற்சி நிலையம். ரஃபிக் என்பவர்தான் தேர்வாளர். அவரை எல்லோரும் 'முஅல்லிம்', அதாவது ஆசிரியர் என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். இரும்புத் தூண் மாதிரி ஆள், நரைத்த மீசை. தன் அப்பாவும் துளை போடுகிறவர் என்று பரமு அவரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் என் கையைப் பிடித்து உள்ளங்கைக் காய்ப்பைத் தடவிப் பார்த்தார். எந்தப் பாறை என்று கேட்டார். கருங்கல், எண்ணூற்றைம்பது அடி வரை போயிருக்கிறேன் என்றேன். தலையைத் தாழ்த்தினார். எங்களுக்குச் சேறும் மணற்பாறையும்தான், கருங்கல் என்றால் நான் ஓடிவிடுவேன் என்றாராம். என் கால் தரையில் பாவவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் என்னைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்க அனுமதித்தார். ஒரே நிபந்தனை, வாயைத் திறக்கக் கூடாது.

உள்ளே நிஜக் கிணறு இல்லை. ஒரு பெரிய நாற்காலி, இரண்டு கைப்பிடி, சுற்றிலும் திரைகள். கிணற்றில் நடப்பதெல்லாம் திரையில் நடக்கும். விமானம் ஓட்டப் பழகுகிறவர்களுக்கு வைத்திருப்பது போல. பரமு நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். நெற்றியில் குங்குமம், அதன்மேல் ஹெல்மெட். ஹெல்மெட்டில் 'பரமு' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

முதல் அரைமணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. குழாய் சுற்றியது, சேறு போனது, சேறு வந்தது. ரஃபிக் இடையில் மணி அடித்தார், விளக்கை அணைத்தார், ஃபோனை ஒலிக்க விட்டார். அவள் செய்ய வேண்டியதைச் செய்துகொண்டே இருந்தாள். பிறகு ஒரு திரையில், சேறு திரும்பி வரும் வாய்க்காலில் ஏதோ மாறியது. நான்தான் முதலில் பார்த்தேன் என்று இப்போதும் சொல்வேன். வரத்து பெருத்தது. தொட்டியில் மட்டம் ஏறியது. இன்னும் ஏறியது.

இருபத்தாறு வருடம். கல்மாவு காய்ந்து காய்ந்து பறக்கும். வெயிலில் நிலத்துக்காரர் கைகட்டி நிற்பார். அவர் மனைவி சாமியைக் கூப்பிடுவாள். திடீரென்று மாவு ஈரமாகும், அப்புறம் குபுகுபுவென்று மேலே கிளம்பும். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் எங்கள் தொழிலே. நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பது மறந்துபோனது. எழுந்து, இரண்டு கையாலும் கண்ணாடியைத் தட்டினேன்.

"வந்துடுச்சி! பரமு, வந்துடுச்சிடி! தேங்கா எடு, தேங்கா ஒட!"

ரஃபிக் என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்துபோயிருக்க வேண்டும்.

பரமு திரும்பவில்லை. கழுத்துகூட அசையவில்லை. சுற்றுவதை நிறுத்தினாள். குழாயைத் தூக்கி நிறுத்தினாள். பம்பை அணைத்தாள். இறைப்பது நின்ற பிறகும் வரத்து நிற்கவில்லை. அதை ஒரு முறை உற்றுப் பார்த்தாள். கையை நீட்டி ஒரு பொத்தானை அழுத்தினாள். கிணற்றின் வாய் மூடியது. வாய்க்கால் அடங்கியது, தொட்டி மட்டம் அப்படியே நின்றது. அவள் இரண்டு அழுத்தமானிகளைப் படித்து, நோட்டில் நிதானமாக எழுதினாள்.

கண்ணாடியைத் தட்டிய கை அந்தரத்தில் நிற்க, எனக்கு அப்போதுதான் புரிந்தது. அடியில் இருப்பது கேட்காமல் மேலே வந்தால் எனக்குத் திருவிழா. அவளுக்கு அது தீ. மேலே வரும் எரிவாயு கொளுத்திக்கொண்டால் மேடையில் இருக்கும் நூறு பேரும் போய்விடுவார்கள். வரவழைப்பது என் வேலை. வரவிடாமல் பிடித்து நிறுத்துவது என் மகள் வேலை. என் கூத்துக்கு நடுவில் அதைப் பிடித்து நிறுத்தியும் காட்டிவிட்டாள்.

அரைமணி கழித்துக் கதவு திறந்தது. நான் சுவரோரமாக, ஹெட்மாஸ்டர் ரூம் வாசலில் நிற்பவன் போல நின்றேன். மகள் எதிர்காலத்தைக் கெடுத்திருந்தால், தனம் மன்னித்தாலும் நானே என்னை மன்னிக்க மாட்டேன். ரஃபிக் நேராக என்னிடம் வந்தார். அவர் சொன்னதைப் பரமு தமிழில் சொன்னாள்.

"நான் மணி அடிச்சிப் பாத்திருக்கேன், வெளக்க அணைச்சிப் பாத்திருக்கேன். பெத்த அப்பன வுட்டு கத்த வெச்சி இதுவரைக்கும் யாரையும் சோதிச்சதில்ல. அதுக்கும் இந்தப் பொண்ணு திரும்பல. நாற்காலி இவளுக்குத்தான்னு சொல்றாரு நைனா."

நான் அழுதேன். மறைக்கவில்லை. பொட்டலம் எதையும் தேடவில்லை.

ஐந்தாம் நாள்

காலை எட்டு மணிக்கு டாக்ஸி வந்தது. பரமு அன்று மதியமே கடல் மேடைக்குக் கிளம்ப வேண்டும் என்பதால் விமான நிலையம் வரை வரவில்லை. இரண்டாவது டிக்கெட் நர்கிஸ் அம்மாள் வீட்டு மேசையிலேயே கிடந்தது. நான் அதை எடுக்கவில்லை. காரில் ஏறி உட்கார்ந்து, கையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். நர்கிஸ் அம்மாள் சொம்போடு வந்தார். பரமு அதை அவர் கையிலிருந்து வாங்கி, இரண்டு எட்டு ஓடிவந்து, என் காருக்குப் பின்னால் தண்ணீரை வீசி ஊற்றினாள். எண்ணூறு அடி, அருமை, வயிற்றெரிச்சல் எதுவும் எனக்கு நினைப்பில் இல்லை. இன்னொரு சொம்பு ஊற்றினால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

செஞ்சியில் பஸ்ஸைவிட்டு இறங்கினேன். தனம் காத்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் படிக்கட்டைப் பார்த்தாள். கடைசி ஆளும் இறங்கிய பிறகு கேட்டாள்.

"எங்க பரமு?"

"அவ வந்துட்டா அங்க கெணத்த யாரு பாத்துக்கறது?" என்றேன். விமானத்தில் ஏழு மணி நேரம் யோசித்துத் தயார் செய்த பேச்சு எங்கோ போய், வாயில் வந்தது இதுதான்.

தனம் பத்து நாள் என்னோடு பேசவில்லை. சோறு வந்தது, பேச்சு வரவில்லை. நான் விடவில்லை. அவள் அரிசி களையும்போதும் துணி உலர்த்தும்போதும் பின்னாலேயே நின்று, அந்த நாற்காலியை, அந்தத் திரையை, நான் கத்தியதை, பரமு திரும்பாததை, கிளம்பும்போது என் காருக்குப் பின்னால் அவள் தண்ணீர் ஊற்றியதைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். பதினோராம் நாள், "அவ்ளோ பேரு உசுரும் இவ கையிலயா?" என்று கேட்டாள். "இவ கையிலதான்" என்றேன். அன்று மாலை எதிர்வீட்டு வாசலில் நின்று, அதை என்னைவிட நாலு மடங்கு பெரிதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆறு மாதம் கழித்துப் பரமு பதினைந்து நாள் லீவில் வந்தாள். மலையனூர் போனாள், என் வண்டியோடு நாலு போர்வெல் போடக் கூட வந்தாள், திரும்பக் கிளம்பினாள். வாடகைக் கார் தெருவில் நின்றது. வண்டி நகர்ந்தபோது தனத்தைக் காணோம். கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள் என்று நினைத்தேன்.

அவள் குடத்தோடு வெளியே வந்தாள். சொம்பு இல்லை, குடம். காருக்குப் பின்னால் தெரு நனைய நனைய முழுக் குடத்தையும் ஊற்றினாள்.

எதிர்வீட்டு அம்மாள் பதறிப்போனார். "இன்னா தனம், பைப்புல தண்ணி வந்து மூணு நாளாவுது! ஒரு கொடம் தண்ணிய இப்படி ரோட்டுல ஊத்துற?"

"ஊத்துனா இன்னா? என் பொண்ணு கெணத்துக்குப் போறா" என்றாள் தனம். காலிக் குடத்தை என் கையில் கொடுத்துவிட்டு, கார் திருப்பத்தில் மறையும் வரை நின்றாள்.